நெல்லுக்குச் சொன்ன வாக்கு



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவை நண்பன் கேட்டபோது, "எனக்குக் கவிதையெல்லாம் வராதுப்பா" என்று சொல்லித் தப்பிக்கத்தான் பார்த்தேன். அவன் விடவில்லை. "நீதான் ஞாயித்துக்கிழமை கோயில்ல வேதம் வாசிக்கிற ஆளாச்சே. இயேசுவைப் பத்தி எழுதேன்" என்றான். பிரசங்கம் எழுதி உங்களைத் தூங்க வைக்க எனக்கு விருப்பமில்லை. பிரசங்கம் செய்யும் தகுதியும் எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் ஊர் வெண்ணாற்றுக் கரையில் இருக்கிறது. கல்லணையில் காவிரியோடு சேர்ந்து வந்து, அங்கே தனியாகப் பிரிந்து ஓடுகிறதே, அதே வெண்ணாறுதான். ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் நெல். ஆனால் எங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவர். அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டதால் அந்தக் கூலி இப்போது இல்லை. அப்பா நெல் மூட்டை தூக்குகிறவர். இரண்டு பேருக்கும் கைநாட்டுதான். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு பாஸ் செய்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் சீட் கிடைத்த அன்று அப்பா தெரு முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்.

தெருக் கோடியில் ஓடு போட்ட ஒரு சின்னக் கோயில் உண்டு. எழுத்துக் கூட்டித் தடுமாறாமல் படிக்கிற பையன் என்பதால் ஏழாம் வகுப்பிலிருந்தே வேத பாடம் வாசிக்கும் வேலை எனக்கு வந்துவிட்டது. இயேசுவைப் பின்பற்றுவது என்றால் என்ன என்று அன்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? ஞாயிறு தவறாமல் கோயில். கெட்ட பழக்கம் கிடையாது. கழுத்தில் சின்னச் சிலுவை. பரீட்சைக்கு முன்னால் ஜெபம். இவ்வளவுதான் சொல்லியிருப்பேன். இதற்கு மேல் கேட்கிறவர்களும் அப்போது யாரும் இல்லை.

இந்த வருடம் பொங்கல் நேரத்தில் சம்பா அறுவடை தொடங்கியது. அப்பா மூட்டை தூக்கும் இடத்தில், ஒரு தனியார் நெல் வியாபாரியிடம், கணக்கு எழுத ஆள் வேண்டும் என்றார்கள். அவர் பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். முதலாளி என்றே வைத்துக்கொள்வோம். பொங்கல் விடுமுறையும் சனி ஞாயிறும் சேர்த்து மொத்தம் 14 நாள் போனேன். நாளுக்கு 400 ரூபாய். பரீட்சைக் கட்டணத்துக்கு ஆச்சு, பஸ்ஸுக்கு ஆச்சு என்று சந்தோஷமாகத்தான் போனேன்.

வேலை ரொம்பச் சுலபம். களத்துமேட்டில் எலெக்ட்ரானிக் தராசு. எண் தெரிகிற முகம் என் பக்கம். மூட்டை ஏறும், நான் சிட்டையில் எழுதுவேன். முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்: "63 வந்தா 60னு எழுது. சாக்குக் கழிவு, ஈரக் கழிவு." சாக்குக்கு ஒரு கிலோ நியாயம். மீதி இரண்டு கிலோ? ஈரத்துக்கென்று விலையிலேயே முதலில் குறைத்துத்தான் பேசியிருந்தார்கள். ஆகவே அந்த இரண்டு கிலோ எதற்கு என்று எனக்கு அன்றே தெரியும். தெரிந்துதான் எழுதினேன். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் தோளில் மூட்டை இருந்தது.

ஒரு நாள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பெரியவர் ஒருவர் நெல் கொண்டுவந்தார். நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவேன். கோயில் நிலத்தில் குத்தகைச் சாகுபடி. நெல் ஈரம். அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் பொதுவாக ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காயவைக்க வெயில் இல்லை. குத்தகை பாக்கிக்கு ஆள் வந்து நிற்கிறார்கள். அதனால் இங்கே வந்தார். மொத்தக் கண்டுமுதலில் விற்பனைக்கு வந்தது 28 மூட்டை. கூட வந்த அவர் மருமகன் தராசின் முகத்தை எட்டிப் பார்க்க வந்தான். பெரியவர் அவனைத் தடுத்தார்.

"அட விடுடா. நம்ம கோயில் தம்பி. படிச்ச புள்ள. அது எழுதினா சரியாத்தான் இருக்கும்."

நான் தலை நிமிராமல் 60, 60, 60 என்று எழுதினேன்.

அதற்கு மறுநாள் ஞாயிறு. கோயிலில் பாடம் வாசித்தேன். வழக்கம்போல் குரல் நன்றாக இருந்தது என்று நாலு பேர் சொன்னார்கள். அங்கிருந்து நேராகத் தராசுக்குப் போனேன். உங்களிடம் மறைப்பானேன்? அன்று எனக்குப் பெரிய மனக்கஷ்டம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் உறுத்தல், அவ்வளவுதான். சாப்பிட்டதும் அதுவும் போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம், வகுப்பு சீக்கிரம் முடிந்ததால் நானும் என் வகுப்புத் தோழனும் தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்கா பக்கம் போனோம். பூங்காவை ஒட்டியே சுவார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. 1779-ல் கட்டியது. பெரிய கோயிலுக்கு அத்தனை பக்கத்தில் இருந்தும் நம்மில் பாதிப் பேர் உள்ளே போயிருக்க மாட்டோம். கதவு திறந்திருந்தது. சுவரில் வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு சிற்பம். ஒரு வயதான பாதிரியார் கட்டிலில் சாகக் கிடக்கிறார். அவர் கையைப் பிடித்தபடி ஒரு ராஜா. கட்டிலுக்குப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள்.

தோழன் கேட்டான்: "யாருடா இந்த ராஜா? கிறிஸ்தவரா?"

"இல்லடா, நம்ம சரபோஜி ராஜா. சரஸ்வதி மகால் நூலகத்துல பேரு இருக்குல்ல, அவரு."

"அப்போ எதுக்கு இவரு ஒரு பாதிரியார் கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பாடம் வாசிக்கிற பையனுக்கு, சொந்த ஜில்லாக் கதை தெரியவில்லை! வெட்கமாகப் போய்விட்டது. அந்த வாரம் நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நெல் விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஜெர்மன் நாட்டில் 1726-ல் பிறந்தவர். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். பிறகு திருச்சி, பிறகு தஞ்சாவூர். 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையிலேயே இறந்தார். வந்த 48 வருடத்தில் ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தமிழ், மராத்தி, பாரசீகம் எல்லாம் கற்றுக்கொண்டார். நம் ஊர் ஜனங்களுக்கு அவர் சுவார்ட்ஸ் ஐயர்.

தஞ்சையை அப்போது ஆண்டவர் துளஜா மன்னர். 1780-ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலக் கும்பினிக்கும் சண்டை மூண்டது. ஹைதரின் படை தஞ்சைச் சீமைக்குள்ளும் புகுந்தது. வயல் அழிந்தது. ஜனங்கள் கோட்டைக்குள் ஓடிவந்து அடைந்தார்கள். கோட்டைக்குள் சோறு இல்லை. பசியில் செத்தவர்கள் தெருவில் கிடந்தார்கள். விசித்திரம் என்னவென்றால், நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. கொண்டுவர மாடுதான் இல்லை. மாடு வைத்திருந்த குடியானவர்கள் வர மறுத்தார்கள். ஏன்? முன்பு வந்தபோது மாட்டைப் பிடுங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் அனுப்பியிருந்தார்கள். ராஜாவின் ஆட்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். கும்பினிக்காரர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை.

கடைசியில் மன்னரே ஒரு உண்மையை ஒப்புக்கொண்டார். நம் எல்லாருடைய வாக்கும் செல்லாக்காசாகிவிட்டது, சுவார்ட்ஸ் சொன்னாலாவது நம்புகிறார்களா பார்ப்போம் என்கிற அர்த்தத்தில் பேசி, ஒரு வெற்றுத் தாளை அவரிடம் அனுப்பினார். ஜனங்களிடம் என்ன ஒப்பந்தம் வேண்டுமானாலும் நீங்களே எழுதிக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம்.

சுவார்ட்ஸ் சொல்லி அனுப்பினார்: மாடு கொண்டுவாருங்கள், கூலியை என் கையாலேயே தருகிறேன், மாட்டை எதிரி பிடித்துக்கொண்டால் அதற்கும் நானே பணம் தருகிறேன். ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்து சேர்ந்தன! உபதேசியார்களும் மற்ற சபையாரும் உயிருக்குத் துணிந்து கிராமங்களுக்குப் போனார்கள். கொஞ்ச காலத்தில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. நம் பக்கக் கணக்கில் 12 மரக்கால் ஒரு கலம் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். கோட்டை பிழைத்தது. எல்லாம் முடிந்த பிறகு, சொன்னபடியே ஒவ்வொருவருக்கும் காசு கொடுத்து, மேலே சிறிது அன்பளிப்பும் கொடுத்து அவர்களை அனுப்பிவைத்தார்.

இன்னொரு சம்பவம். அதே 1780-களில், வசூல்காரர்களின் கொடுமை தாங்காமல் ஆயிரக்கணக்கான குடிகள் தஞ்சைச் சீமையை விட்டே போய்விட்டார்கள். வயல் தரிசு கிடந்தது. திரும்பி வாருங்கள், நியாயம் கிடைக்கும் என்று மற்றவர்கள் கூப்பிட்டபோது நம்பவில்லை. சுவார்ட்ஸ் சொன்னதும் ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினார்கள். ஜூனில் தொடங்க வேண்டிய சாகுபடியை செப்டம்பரில் தொடங்கி, இரவு பகலாக உழைத்தார்கள். அந்த வருட விளைச்சல் முந்தினதைவிட நன்றாக இருந்ததாம்.

1779-ல் சென்னைக் கும்பினி அரசு ஹைதர் அலியிடம் சமாதானம் பேச அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. ஹைதர் வழிச் செலவுக்கென்று ஒரு பையில் 300 ரூபாய் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. கும்பினியிடம் ஒப்படைத்தார். அவர்கள் வேண்டாம் என்றதும், தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு என்று ஒதுக்கிவிட்டார். பிறகு சண்டை வந்தபோதும், இந்தப் பாதிரியாரைத் தடுக்காதீர்கள் என்று ஹைதர் தன் படைக்கு உத்தரவு போட்டிருந்தார். எதிரிப் படைக்கு நடுவிலும் அவர் பயமில்லாமல் போய்வர முடிந்தது.

அவரைத் தேவதூதர் என்று சொல்ல வரவில்லை. கும்பினியோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. அவர் இறந்த மறு வருடமே, 1799-ல், தஞ்சை ஆட்சி கும்பினி கைக்குப் போய்விட்டது. அதைப் பற்றிச் சரித்திர மாணவர்கள் விவாதிக்கட்டும். என் தோழன் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் சொல்கிறேன். துளஜா மன்னர் தத்தெடுத்த பிள்ளை சரபோஜி. 1787-ல் மன்னர் இறந்த பிறகு அந்தச் சிறுவனுக்கு அரண்மனையிலேயே ஆபத்து வந்தது. அவனைக் காப்பாற்றிப் படிக்க வைத்தவர் சுவார்ட்ஸ். அதற்குக் கூலியாக, நீ கிறிஸ்தவனாகு என்று நெருக்கவில்லை. சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். அந்தச் சிற்பத்தைச் செய்யச் சொல்லி லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனுக்குச் சொல்லி அனுப்பியவரும் அவர்தான். அதனால்தான் ராஜா கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இதையெல்லாம் படித்து முடித்தபோது எனக்கு ஆயிரம் மாடு ஞாபகத்தில் நிற்கவில்லை. 80,000 கலமும் நிற்கவில்லை. "அது எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்ற குரல்தான் காதில் கேட்டது. அன்றைக்குக் குடியானவர்கள் ஒரு ஆளின் வாக்கை நம்பி மாட்டை அவிழ்த்தார்கள். இன்றைக்கு என் பெரியப்பா என் எழுத்தை நம்பி மூட்டையை இறக்கினார். அந்த ஆளும் இயேசுவின் பெயரைச் சொன்னவர். நானும் அந்தப் பெயரைச் சொல்கிறவன். அவர் மாட்டுக்காரனுக்குக் காசு கொடுத்தார். நான் மூட்டைக்கு இரண்டு கிலோ எடுத்தேன்.

அன்றிரவு சுவிசேஷத்தை எடுத்தேன். வாசித்துக் காட்ட அல்ல, எனக்காக. ஒன்று கவனித்திருக்கிறீர்களா? இயேசு ஆள் கூப்பிட்டது பெரும்பாலும் வேலை செய்யும் இடத்தில்தான். வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார். மத்தேயுவைச் சுங்கச் சாவடியில், கணக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது கூப்பிட்டார். சகேயு என்ற வரி வசூல்காரன் வீட்டுக்கு இயேசு போனபோது, பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சகேயுவே எழுந்து, ஏமாற்றி வாங்கினதை நாலு மடங்காகத் தருகிறேன் என்றான். ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை என்று இருக்க வேண்டும் என்பதுதான் மலைப் பிரசங்கத்தில் இயேசு கேட்டது. 63 என்றால் 63. இதை எத்தனை தடவை கோயிலில் சத்தமாக வாசித்திருப்பேன்!

என் சின்ன நோட்டை எடுத்துக் கூட்டினேன். 14 நாளில் நான் எழுதினது 11 சிட்டை. மொத்தம் 412 மூட்டை. மூட்டைக்கு இரண்டு கிலோ என்றால் 824 கிலோ. மூட்டை 1,320 ரூபாய் என்று வாங்கினார்கள். கிலோவுக்கு 22 ரூபாய். ஆக 18,128 ரூபாய். என் கூலி மொத்தமே 5,600.

விடுதியில் இருக்கும் நண்பனிடம் சொன்னேன். "அது உன் கடன் இல்லடா, முதலாளி கடன்" என்றான். இன்னொரு நண்பன் முஸ்லிம். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க நபிக்கு, நபியாகறதுக்கு முந்தியே ஊர்ல அல்-அமீன்னு பேரு. நம்பிக்கைக்குரியவர்னு அர்த்தம். முதல்ல அதுதாண்டா, மத்ததெல்லாம் அப்புறம்" என்றான். இருவர் சொன்னதையும் யோசித்துப் பார்த்தேன். பணம் முதலாளிக்குப் போனது உண்மை. ஆனால் எழுத்து என்னுடையது.

சனிக்கிழமை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நீ படிச்சவன். உனக்கு வேற வேலை கெடைக்கும். அங்க எனக்குத்தான் மூட்டை. நீ போய் நியாயம் பேசினா, நாளைக்கு என்னைக் கூப்புடுவாரா?" எனக்குப் பதில் இல்லை. அப்பா கேட்டது பயந்தாங்கொள்ளிக் கேள்வி இல்லை. எங்கள் வீட்டு அரிசி அந்தக் கேள்வியில்தான் இருந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து பேசினார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

"நான் எத்தனை எடத்துல கைநாட்டு வெச்சிருக்கேன். அங்க என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்கு என்ன தெரியும்? எழுதினவன் வாசிச்சுச் சொன்னதுதான். பத்து நாள் வேலைக்கு எட்டு நாள் கூலின்னு சொல்லுவான். சரின்னு வாங்கிட்டு வருவேன். அந்த மாதிரி எழுதறவனா ஆவத்தான் உன்னைப் படிக்கப் போட்டோமா?"

அப்பா எழுந்து வெளியே போனார். வாசலில் நின்று, "செய்யறதைச் சத்தமில்லாம செய்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் 1,232 ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். காலில் விழுந்துவிடுவேன், அவர் கட்டிப்பிடித்துக்கொள்வார் என்றெல்லாம் வழியெல்லாம் கற்பனை பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பணத்தை வாங்கி நிதானமாக எண்ணினார். மடித்து இடுப்பில் செருகினார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"மத்தவங்களுக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். நான் நின்றேன். பிறகு அவரே, "சரி வா, டீ குடி" என்றார். டீ இறங்கவில்லை.

நண்பர்களே, இத்தோடு கதை சுபம் என்று முடித்துவிட்டால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும். ஆனால் நடந்தது வேறு. முதலாளியிடம் போய், இனி வரமாட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். "பரீட்சை இருக்குங்க ஐயா" என்றேன். பொய்! உண்மையாக இருக்க வேண்டும் என்று வேலையை விட்டவன், விடும்போதே பொய் சொல்லித்தான் விட்டேன். அப்பாவின் தோள் கண்ணுக்குள் நின்றது. அதற்காகச் சொன்னேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பயத்தில் சொன்னேன் என்பதும் உண்மைதான். அப்பா இன்னும் அங்கேதான் மூட்டை தூக்குகிறார். முதலாளியின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டிய நாள் ஒன்று பாக்கி இருக்கிறது. அப்பாவுக்கு வேறு இடம் பார்த்த பிறகா, அதற்கு முன்பா என்று எனக்குத் தெரியவில்லை. பின்பற்றுவது என்பது ஒரே எட்டில் முடிகிற தூரம் இல்லை போலிருக்கிறது.

இதுவரை மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறேன். பெரியப்பாவுக்கு 1,232. இன்னும் இரண்டு பேருக்கு 660-ம் 880-ம். ஒருவர் வாங்க மறுத்தார்; திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். மீதி எட்டுச் சிட்டை, 15,356 ரூபாய். என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயரோடு எழுதி வைத்திருக்கிறேன். படிப்பு முடிந்து முதல் சம்பளம் வாங்கியதும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும். சகேயு நாலு மடங்கு கொடுத்தான். என்னால் ஒரு மடங்குக்கே இத்தனை பாடு.

இதை ஏன் உங்களிடம் எழுதுகிறேன்? நாமும் எழுதுகிற சாதியாகப் போகிறோம் என்பதால்தான். சிவில்காரன் சைட்டில் எம்-புக் எழுதுவான். எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை பேருக்குக் கூலி என்று அவன் எழுதுவதை நம்பித்தான் பில் போகும். மெக்கானிக்கல்காரன் பாய்லர் சோதனைக்குக் கையெழுத்துப் போடுவான். எலெக்ட்ரிக்கல்காரன் எர்த்திங் சரி என்று எழுதுவான். அந்த எழுத்தை நம்பி யாரோ ஒருவர் சுவிட்சைத் தொடுவார், யாரோ ஒருவர் அந்தக் கூரைக்குக் கீழே தூங்குவார். அவர்களுக்கு நம் நோட்டைப் படிக்கத் தெரியாது. தராசின் முகம் நம் பக்கம்தான் திரும்பியிருக்கும்.

அந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது? இங்கேதான். நம் லேப் ரெக்கார்டில்தான். போன மாதம் லெவலிங் பிராக்டிகல். நம் பெஞ்ச் மார்க்கில் தொடங்கிச் சுற்றி வந்து அதே பெஞ்ச் மார்க்கில் முடித்தோம். 45 மில்லி மீட்டர் இடித்தது. மணி நாலரை. கடைசி ரீடிங்கைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் எல்லாம் சரியாகிவிடும். நாம் எல்லோரும் செய்ததுதான். அதற்குச் செல்லமாக 'குக்' பண்ணுவது என்று பெயர் வேறு! பேக் சைட், ஃபோர் சைட் கூட்டிப் போடுகிற அரித்மெட்டிக் செக் கணக்குத் தப்பைத்தான் காட்டும். பார்க்காத ரீடிங்கைப் பார்த்ததாக எழுதினால் அதற்குத் தெரியாது. நான் பேனாவை வைத்துவிட்டு, "இன்னொரு தடவை போவோம்டா" என்றேன். ஒருத்தன் திட்டினான். ஒருத்தன் வெயிலைக் காட்டினான். ஆனாலும் ஸ்டாஃபைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது ஸ்டேஷனில் ரீடிங்கைத் தவறாகப் படித்திருந்தது கண்டுபிடித்தோம். ஐந்தரை பஸ் போய்விட்டது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர எட்டாகிவிட்டது. அன்று நான் ஜெபம் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. ஆனால் அந்த மாலைதான் எனக்கு, இதுதான் பின்பற்றுவது போலிருக்கிறது என்று முதல்முறையாகத் தோன்றியது.

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்களோ, எனக்குத் தெரியாது. கும்பிடாதவர்களும் நம் கல்லூரியில் உண்டு. என் கழுத்துச் சிலுவையைப் பார்த்து யாரும் என்னை எடைபோட வேண்டாம். நான் எழுதும் எண்ணைப் பார்த்து எடைபோடுங்கள். தப்பாக எழுதினால் தைரியமாகக் கேளுங்கள். பெரியப்பா கேட்டது போல ஒரே வார்த்தையில் கேட்டாலும் போதும்.

மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை ஊருக்குக் கொண்டுபோவேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எழுதியிருப்பது எழுதியிருக்கிறபடியே, அந்தப் பரீட்சைப் பொய்யையும் விடாமல்.

— இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்